மூன்று உறுப்புகளுக்கு ஒரு பட்டியல்: அடைப்புக்குறியா, மெத்தடா?

2024 ஜனவரி 8, காலை. ஒரு வாசகரின் கேள்வி

பைத்தான் நிரல்மொழியில் மூன்று சொற்களைச் சதுர அடைப்புக்குள் இட்டால் பட்டியல் ஆயிற்று. ஜாவாவிலோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குத் தனி எழுத்துமுறை இல்லை. 2017இல் வந்த ஜாவா 9 லிஸ்ட்.ஆஃப் என்ற மெத்தடை, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் செயலை, கொடுத்தது. அது ஒட்டுப்போட்ட வேலை என்பது என் எண்ணம். சிறு தொகுப்புகளை நேரடியாக எழுதும் லிட்டரல் இல்லாத மொழி அரைகுறை மொழிதான். மறுப்பவர் உண்டா?

2024 ஜனவரி 8, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதியளவுதான். முதலில் உங்கள் குறை நியாயமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜாவா 8 வரை மாறாத கணம் (செட், ஒரே உறுப்பு இருமுறை இராத தொகுப்பு) ஒன்றை ஒரு கிளாஸின் நிலைப் புலத்தில் வைக்க வேண்டுமென்றால், ஒரு ஹேஷ்செட்டை உருவாக்கி, ஒவ்வோர் உறுப்பையும் ஆட் என்று தனித்தனி வரியில் சேர்த்து, பிறகு அதை அன்மாடிஃபையபிள்செட் என்ற உறையில் இட்டு, இவை அனைத்தையும் ஸ்டேட்டிக் என்ற தனிப் பகுதிக்குள் எழுத வேண்டியிருந்தது. சொல்ல வந்தது மூன்று சொற்கள். எழுதியது ஏழெட்டு வரிகள். பட்டியலுக்கு அரேஸ்.ஆஸ்லிஸ்ட் இருந்தது. கணத்துக்கு அந்தப் பட்டியலையே ஹேஷ்செட்டுக்குள் கொட்டலாம். சாவியையும் மதிப்பையும் இணைகளாக வைக்கும் மேப்புக்கு எதுவுமே இல்லை.

என் மறுப்பு இதன் பின்பாதியில்தான். சதுர அடைப்பைப் போட்டதும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது, வீட்டுக்குக் கதவு வைத்ததும் அறைகள் தாமே முளைத்துவிடும் என்று எண்ணுவதைப் போன்றது. அந்த அடைப்புக்குள் இருப்பதை யார் மாற்றலாம், ஒரே உறுப்பு இருமுறை வந்தால் என்ன ஆகும், வரிசை காக்கப்படுமா, ஒன்றுமே இல்லாதபோது அது பட்டியலா மேப்பா என்ற கேள்விகளுக்கு மொழி பதில் சொல்லியே ஆக வேண்டும். லிட்டரல் அந்தப் பதில்களைப் பார்வையிலிருந்து மறைக்கிறது, அவ்வளவே.

2024 ஜனவரி 9

இரட்டைச் சுருள் அடைப்பை ஒருவர் நினைவூட்டினார். அதை நானும் பயன்படுத்தியிருக்கிறேன்; அதற்காக வெட்கப்படவும் செய்கிறேன். நியூ ஹேஷ்மேப் என்று எழுதி, அதையடுத்து இரண்டு சுருள் அடைப்புகளைத் திறந்து, உள்ளே புட், புட், புட் என்று அடுக்குவது அந்த உத்தி. பார்க்க லிட்டரலைப் போலவே இருக்கும். உண்மையில் வெளி அடைப்பு பெயரற்ற ஒரு துணை கிளாஸை உருவாக்குகிறது. உள் அடைப்பு அந்தக் கிளாஸின் தொடக்கப் பகுதி. இவ்வாறு எழுதும் ஒவ்வோர் இடமும் தனியொரு கிளாஸ் கோப்பு ஆகிறது. அதைவிட மோசமானது, அந்த மேப் தன்னை உருவாக்கிய ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

நான் இவ்வாறு உருவாக்கிய ஒரு மேப்பைப் பயனரின் அமர்வுத் தரவில் வைத்தேன். எங்கள் கணினிகளில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அமர்வுகளை வட்டில் எழுதிவைக்கும் சேவையகத்தில் ஏற்றியவுடன், சீரியலைஸ் செய்ய, அதாவது வட்டில் எழுதும் வடிவுக்கு மாற்ற, இயலாது என்ற பிழை வந்தது. பிழைச் செய்தியில் இருந்ததோ மேப்பின் பெயர் அன்று, அதை உருவாக்கிய பெரிய கிளாஸின் பெயர். மேப்பில் இரண்டே சொற்கள் இருக்க, அந்தப் பெரிய ஆப்ஜெக்ட் ஏன் வட்டுக்குப் போக முயல்கிறது என்பது புரிய எனக்கு அரை நாள் ஆயிற்று.

வசதியான வழி ஒன்றை மொழி தராவிட்டால் மக்கள் சும்மா இருப்பதில்லை. இல்லாத வழியைத் தாங்களே தோண்டிக்கொள்கிறார்கள். இந்த அளவில் கேள்வி கேட்டவரின் பக்கம்தான் நான்.

2024 ஜனவரி 11

லிஸ்ட்.ஆஃப் ஒட்டுப்போட்ட வேலை என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால் வரலாற்றைச் சிறிது எழுதுகிறேன். ஜாவாவில் லிட்டரல் முயற்சி நடக்காமல் இல்லை. 2009இல் ஜாவாவில் சிறு மொழி மாற்றங்களைச் சேர்ப்பதற்கான காயின் திட்டத்துக்கு வந்த முன்மொழிவுகளில் தொகுப்பு லிட்டரலும் ஒன்று. ஜாவாவின் தொகுப்பு நூலகத்தை வடிவமைத்த ஜோஷ் பிளாக் எழுதியது. 2011இல் ஜாவா 7 வெளிவந்தபோது அது இடம்பெறவில்லை. பின்னர் ஸ்டூவர்ட் மார்க்ஸ் எழுதிய 269ஆம் மேம்பாட்டு முன்மொழிவு மொழியின் இலக்கணத்தைத் தொடாமல் நூலகத்தில் மட்டும் கை வைத்தது. அதன் விளைவே லிஸ்ட்.ஆஃப், செட்.ஆஃப், மேப்.ஆஃப்.

இலக்கணத்தைத் தொடாததில் சோம்பல் எதுவும் இல்லை. ஜாவாவில் லிஸ்ட், செட், மேப் என்பவை நூலகத்தின் இன்டர்ஃபேஸ்கள், அதாவது எந்தக் கிளாஸும் நிறைவேற்றக்கூடிய ஒப்பந்தங்கள். சதுர அடைப்பை அவற்றோடு பிணைத்துவிட்டால், நாளை வேறொரு தொகுப்பு வகை வரும்போது அது இரண்டாந்தரக் குடிமகனாக நிற்கும். மெத்தடோ எவரும் எழுதக்கூடியது. என் கிளாஸுக்கும் ஆஃப் என்று ஒரு மெத்தடை நான் வைத்துக்கொள்ளலாம்; அது நூலகத்தின் மெத்தடைப் போலவே தோன்றும்.

நினைவகத்திலும் ஒரு செய்தி உண்டு. இரண்டு சொற்கள் கொண்ட மாறாத கணத்தைப் பழைய முறையில் உருவாக்கினால், சொற்களைத் தவிர்த்து ஆறு ஆப்ஜெக்டுகள் பிறக்கின்றன: உறை, அதனுள் ஹேஷ்செட், அதனுள் ஹேஷ்மேப், அதன் அணி (அரே), உறுப்புக்கு ஒன்றாக இரண்டு கணுக்கள். செட்.ஆஃப் தருவதோ இரண்டு புலங்கள் கொண்ட ஒரே ஆப்ஜெக்ட். வளரப்போவதில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இந்தச் சிக்கனம் கிடைக்கும். மாறாமை கொள்கைப் பிடிவாதம் மட்டுமன்று, இடமும் மிச்சமாகிறது.

2024 ஜனவரி 12

திருத்தம். மேப்புக்கு எதுவுமே இல்லை என்று 8ஆம் தேதி எழுதினேன், தவறு. கலெக்ஷன்ஸ்.சிங்கிள்டன்மேப் முன்பிருந்தே உண்டு. சரியாக ஒரே ஒரு சாவி உள்ளவர்களுக்கு வாழ்க்கை இனிமையாகத்தான் இருந்திருக்கிறது.

2024 ஜனவரி 15

மேப்.ஆஃப் பத்து இணைகளோடு ஏன் நின்றுவிடுகிறது, பதினொன்று வைத்திருப்பவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டிருக்கிறார்கள். லிஸ்ட்.ஆஃப் சூனியத்திலிருந்து பத்து உறுப்புகள் வரை தனித்தனி வடிவங்களாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும் ஒரு வடிவம் உண்டு. எத்தனையும் ஏற்கும் வடிவம் ஒவ்வொரு முறையும் ஓர் அணியை உருவாக்கியாக வேண்டும் என்பதால்தான் சிறு அளவுகளுக்குத் தனி வடிவங்கள். மேப்பில் அந்தக் கடைசி வடிவத்துக்கு வழியே இல்லை. சாவி, மதிப்பு, சாவி, மதிப்பு என்று இரு வகைகள் மாறி மாறி வருவதை ஜாவாவின் வகை அமைப்பால் சொல்ல முடியாது. எனவே பத்துக்கு மேல் போனால் மேப்.ஆஃப்என்ட்ரீஸ் என்று எழுதி, ஒவ்வோர் இணையையும் என்ட்ரி என்ற மெத்தடால் கட்ட வேண்டும்.

லிட்டரல் வெல்லும் இடம் இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டியலை எழுத மெத்தட் போதும். இணைகளை எழுதக் கண்ணுக்கு ஒரு குறி வேண்டும். காற்புள்ளியால் மட்டுமே பிரிக்கப்பட்ட எட்டு சொற்களில் எது சாவி, எது மதிப்பு என்று விரலால் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்காலா அம்புக்குறியாலும் கோட்லின் டு என்ற சொல்லாலும் இதைத் தீர்த்தன. இரண்டும் மொழியின் தனிச் சலுகைகள் அல்ல. இரு மதிப்புகளை இணையாக்கும் சாதாரண நூலக வசதிகள். இலக்கணத்தில் மேப் என்ற சொல்லே இல்லாமல் மேப்பை அழகாக எழுத முடியும் என்பதற்கு அவையே சான்று.

2024 ஜனவரி 18

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நிரலர் அல்லாதோர் விதிகளை எழுதுவதற்காக ஒரு சிறு விதிமொழியை வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தது. பட்டியலுக்குச் சதுர அடைப்பு, கணத்துக்கும் மேப்புக்கும் சுருள் அடைப்பு என்று முதல் நாளே முடிவு செய்தேன். உள்ளே முக்காற்புள்ளி இருந்தால் மேப், இல்லையென்றால் கணம். மிகத் தெளிவு என்று மகிழ்ந்தேன்.

மறுநாள், ஒன்றுமில்லாத சுருள் அடைப்பு எதைக் குறிக்கும் என்று முதல் பயனர் கேட்டார்.

பைத்தானுக்கு நேர்ந்ததும் இதுதான். அங்கே வெற்றுச் சுருள் அடைப்பு அகராதிக்கு, அதாவது மேப்புக்கு, உரியதாகத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. கண லிட்டரல் 3.0 பதிப்போடு 2008இல் வந்தபோது அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அதனால் வெற்றுக் கணத்தை இன்றும் செட் என்று எழுதி வட்ட அடைப்பைத் திறந்து மூட வேண்டும். ஸ்விஃப்ட் பட்டியலுக்கும் அகராதிக்கும் சதுர அடைப்பையே வைத்துக்கொண்டு, வெற்று அகராதிக்கு மட்டும் உள்ளே ஒரு முக்காற்புள்ளியை வைத்தது. க்ரூவியிலும் இதே வழி. சிறிய ஆனால் நேர்மையான தீர்வு. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. நான் வெற்றுக் கணத்துக்கு ஒரு சாய்வுக் கோட்டை நடுவில் வைத்த சுருள் அடைப்பைக் கண்டுபிடித்தேன். கணிதப் புத்தகத்து வெற்றுக் கணக் குறியை நினைவூட்டும் என்று நினைத்தேன். ஒருவருக்கும் நினைவூட்டவில்லை.

2024 ஜனவரி 22

ஒரே சாவி இருமுறை வந்தால் என்ன செய்வது என்பதைப் பலர் அற்பக் கேள்வியாக நினைக்கிறார்கள். நான் அதைத்தான் மொழியின் குணம் தெரியும் இடமாகப் பார்க்கிறேன்.

பைத்தான் வாய் திறப்பதில்லை. கடைசியாக வந்த மதிப்பு முந்தையதை அழித்துவிடும். கோ மொழி, சாவிகள் மாறிலிகளாக இருந்தால் கம்பைல் செய்யும்போதே, அதாவது நிரல் ஓடுவதற்கு முன்பே, மறுத்துவிடும். ஸ்விஃப்டில் கம்பைல் ஆகும், ஓடும்போது நிரல் நின்றுவிடும். ஜாவாவின் மேப்.ஆஃப், செட்.ஆஃப் இரண்டும் ஓடும்போது இல்லீகல்ஆர்குமென்ட்எக்செப்ஷன் என்ற பிழையை எறியும். குளோஷரில் நிரலை வாசிக்கும் கட்டத்திலேயே பிழை.

என் விதிமொழியில் நான் பைத்தானின் வழியைப் பின்பற்றினேன், யோசிக்காமல். ஒரு நாள் நாற்பது வரிகள் கொண்ட ஓர் அட்டவணையில், நிலைக் குறியீடு ஒன்று மேலே ஒரு மதிப்போடும் கீழே வேறொரு மதிப்போடும் இருந்தது. எழுதியவர் மேலே உள்ளதைத் திருத்தித் திருத்திப் பார்த்தார், விளைவு மாறவில்லை. மொழியில் பிழை இருப்பதாக எனக்குப் புகார் வந்தது. உண்மையிலேயே மொழியில்தான் பிழை. பத்து வரிகளில் எழுதப்படும் ஒரு தொகுப்பில் ஒரே சாவியை எவரும் வேண்டுமென்று இருமுறை எழுதுவதில்லை. எழுதினால் அது கை தவறியதுதான். ஓடும் நிரல் ஒன்று புட் என்று மீண்டும் மீண்டும் சேர்ப்பது வேறு சூழல். அங்கே மேலெழுதுவது இயல்பு. இரண்டுக்கும் ஒரே விதி வைத்ததுதான் என் தவறு.

2024 ஜனவரி 23

மேலே உள்ளதற்கு ஒரு வால். பைத்தானில் ஓர் அகராதியின் முதல் சாவியாக 1 என்ற எண்ணையும் இரண்டாம் சாவியாக ட்ரூ என்ற மெய் மதிப்பையும் வையுங்கள். இரண்டும் சமம் என்பதால் ஒரே ஓர் இணைதான் எஞ்சும். அதிலும் சாவி முதலாவதாக வந்த 1, மதிப்பு இரண்டாவதாக வந்தது. தலை ஒருவருடையது, உடல் மற்றவருடையது.

2024 பிப்ரவரி 2

இனி வரிசை. செட்.ஆஃப், மேப்.ஆஃப் தரும் தொகுப்புகளின் உறுப்புகள் எந்த வரிசையில் வரும் என்பதை ஜாவா வேண்டுமென்றே ஒவ்வோர் ஓட்டத்திலும் மாற்றுகிறது. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் தொடங்கும்போது ஓர் எண் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. உள்ளே அதற்குச் சால்ட், அதாவது உப்பு, என்றே பெயர். வரிசை அந்த எண்ணைப் பொறுத்தது. முதலில் இதைக் கேள்விப்பட்டபோது, வேலையில்லாதவர்கள் செய்த குறும்பு என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு ஸ்காலா நிரல் எனக்குப் பாடம் கற்பித்தது. ஸ்காலாவின் மாறாத மேப்பில் ஒன்று முதல் நான்கு சாவிகள் வரை தனித்தனிச் சிறப்பு கிளாஸ்கள் உண்டு; அவை உறுப்புகளை எழுதிய வரிசையிலேயே வைத்திருக்கும். ஐந்தாவது சாவி வந்தவுடன், எழுதிய வரிசையைக் காக்காத ஹேஷ் முறைக்கு மாறிவிடும். எங்கள் சோதனைகள் அனைத்திலும் சாவிகள் நான்குக்குள் இருந்தன. அறிக்கையின் பத்திகள் எழுதிய வரிசையிலேயே அச்சாவதைப் பார்த்து, அதுதான் மொழி தந்த உறுதி என்று நானே நம்பியிருந்தேன். புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்த நாளில், சேர்த்த பத்தி சரியாக வந்தது. பழைய நான்கும் இடம் மாறிப் போயிருந்தன. குளோஷரிலும் இதே போன்ற எல்லை எட்டில் இருக்கிறது.

சிறு தொகுப்புகள் இவ்வகையில் தனி ஆபத்து கொண்டவை. சிறியதாக இருக்கும்வரை அவை தராத உறுதியையும் தருவது போல நடிக்கும். ஜாவாவின் உப்பு அந்த நடிப்பை முதல் நாளே கலைத்துவிடுகிறது. கோ மொழியும் மேப்பைச் சுற்றிவரும் வரிசையைத் தற்செயலாக்குவது இதே காரணத்தால்தான். பைத்தான் எதிர்த் திசையில் போயிற்று, 3.7 பதிப்பிலிருந்து, 2018 முதல், அகராதி எழுதிய வரிசையைக் காக்கும் என்பது மொழியின் உறுதி. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதமே. நான்கு வரை ஒன்று, ஐந்திலிருந்து வேறொன்று என்பதே சம்மதமில்லை.

2024 பிப்ரவரி 3

நேற்று எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். சோதனை திங்கட்கிழமை தேறி, செவ்வாயன்று தோற்று, புதனன்று மீண்டும் தேறுவதால் புதியவர்கள் படும் பாட்டை நான் கணக்கில் கொள்ளவில்லை என்று ஒருவர் இடித்துரைத்தார். அது உண்மைதான். உப்பு ஒரே ஓட்டத்துக்குள் மாறாது, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் என்பதால், தோல்வியை மீண்டும் நிகழ்த்திக் காட்டுவதும் எளிதன்று. ஒரு சிறு மேப்பை எழுதிய வரிசையிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு ஆஃப் போன்ற சுருக்கமான வழி ஜாவாவில் இன்றும் இல்லை. லிங்க்ட்ஹேஷ்மேப்பை உருவாக்கி ஒவ்வொன்றாகப் புட் செய்ய வேண்டும். உப்பைத் தூவியவர்கள் கூடவே தண்ணீரும் வைத்திருக்கலாம்.

2024 பிப்ரவரி 14

மாறுமா, மாறாதா என்பதைத் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனெனில் இதில்தான் என் எண்ணம் மிகவும் மாறியிருக்கிறது.

விதிமொழியில் எல்லாத் தொகுப்புகளும் மாறக்கூடியவையாகவே இருந்தன. சேர்க்க முடியாத பட்டியலைக் கொடுத்தால் பயனர்கள் கோபப்படுவார்கள் என்பது என் வாதம். பைத்தான் எழுதிப் பழகியவனின் வாதம் அது. அதே பைத்தானில், செயற்கூறின் அளபுருவுக்கு இயல்பு மதிப்பாக வெற்றுச் சதுர அடைப்பை எழுதிவைத்தால், அந்தப் பட்டியல் செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறைதான் உருவாகும். பிறகு வரும் அழைப்புகள் எல்லாம் அதையே பகிர்ந்துகொள்ளும். இதில் விழாத பைத்தான் நிரலரை நான் பார்த்ததில்லை. கண்ணுக்கு மதிப்பாகத் தெரிவது உண்மையில் ஒரு பாத்திரம் என்பதே அந்தப் பிழையின் வேர்.

அரேஸ்.ஆஸ்லிஸ்ட் இதைவிட விசித்திரமானது. அதில் சேர்க்க முடியாது, நீக்க முடியாது, ஆனால் இருக்கும் உறுப்பை மாற்றலாம். ஓர் அணியைக் கொடுத்து உருவாக்கியிருந்தால், பட்டியலில் செய்த மாற்றம் அந்த அணியிலும் தெரியும். அதற்குப் பெயர் மாறாமையும் இல்லை, மாறும் தன்மையும் இல்லை, திரிசங்கு நிலை. கோட்லினின் லிஸ்ட்ஆஃப் வாசிக்க மட்டுமே என்ற வகையைத் தருகிறது. ஆனால் ஜேவிஎம்மில் பல உறுப்புகளுக்கு அடியில் இருப்பது இதே ஆஸ்லிஸ்ட்தான். வகையை வலிந்து மாற்றினால் உறுப்பை மாற்றிவிடலாம். வாசிக்க மட்டும் என்பது பார்ப்பவர் ஏற்கும் விரதம், பொருளின் இயல்பு அன்று.

இப்போது என் நிலைப்பாடு இது: நிரலின் வரிகளில் உறுப்புகளைப் பெயர் சொல்லி எழுதிய தொகுப்பு, எண்ணைப் போலவும் சொல்லைப் போலவும் ஒரு மதிப்பு. 7 என்று எழுதியதை எவரும் 8 ஆக்க முடியாதது போல, அதையும் எவரும் மாற்ற இயலாதிருக்க வேண்டும். மாற்ற வேண்டியவர், மாறும் பட்டியல் ஒன்றை உருவாக்கி அதனுள் இதை ஊற்றிக்கொள்ளட்டும். ஜாவாவில் அது ஒரே வரி: நியூ அரேலிஸ்ட் என்று எழுதி வட்ட அடைப்புக்குள் லிஸ்ட்.ஆஃப். எதிர்த் திசைக்கு ஜாவா 10இல் லிஸ்ட்.காப்பிஆஃப் வந்தது, கொடுத்தது ஏற்கெனவே லிஸ்ட்.ஆஃப் தந்த மாறாத பட்டியல் என்றால் நகலெடுக்காமல் அதையே திருப்பித் தரும் அளவுக்கு விவரமானது.

2024 பிப்ரவரி 20

நல் பற்றிக் கேட்டவருக்கு. இல்லாமையைக் குறிக்கும் சொல் தமிழில் நல்லது என்று ஒலிப்பது ஒரு விபரீதம். அதனால் சிலர் ஏமாந்தும் இருக்கலாம். லிஸ்ட்.ஆஃப் நல் மதிப்பை உறுப்பாக ஏற்காது, எக்செப்ஷன் எறியும். இது எனக்குச் சம்மதம். ஆனால் அந்தப் பட்டியலிடம் நல் உள்ளதா என்று கன்டெய்ன்ஸ் மூலம் கேட்டாலும் எக்செப்ஷன் எறிவது எனக்குச் சம்மதமில்லை. இல்லை என்று சொன்னால் போதுமே. 2021இல் ஜாவா 16 தந்த ஸ்ட்ரீமின் டுலிஸ்ட் மெத்தட், மாறாத பட்டியலையே தருகிறது, ஆனால் நல்லை ஏற்கிறது. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்.

2024 மார்ச் 5

அடைப்புக்குறி எப்போதும் மெத்தடைவிடத் தெளிவானது என்று இன்னும் நம்புவோர் சி++ பக்கம் சற்று வாருங்கள். 2011ஆம் ஆண்டுத் தரத்தோடு அங்கே சுருள் அடைப்பால் தொகுப்பை நிரப்பும் வசதி வந்தது. முழு எண் வெக்டர் (அங்கே பட்டியலுக்கு அதுவே பெயர்) ஒன்றுக்கு வட்ட அடைப்பில் 3, 5 என்று கொடுத்தால் மூன்று ஐந்துகள் கிடைக்கும். சுருள் அடைப்பில் கொடுத்தால் மூன்றும் ஐந்துமாக இரண்டு உறுப்புகள். இது பழகிவிடும். ஸ்ட்ரிங் வெக்டருக்குத் தவறுதலாக இரட்டைச் சுருள் அடைப்பிட்டு உள்ளே இரண்டு சொற்களை எழுதினால், அவை ஒரே சொல்லின் தொடக்க முகவரியாகவும் முடிவு முகவரியாகவும் எடுத்துக்கொள்ளப்படும். கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், அதன் பின் நடப்பதற்குத் தரம் எந்தப் பொறுப்பும் ஏற்காது. மேலும், அந்த அடைப்புக்குள் இருப்பவை மாறிலிகளாகக் கருதப்படுவதால் அவற்றை நகலெடுக்கத்தான் முடியும், இடம்பெயர்க்க முடியாது. எனவே நகலெடுக்க இயலாத யூனிக் பாயின்டர்களை இப்படிப் பட்டியலிட வழியில்லை. பழைய மொழியில் புதிய அடைப்பு, ஏற்கெனவே குடியிருக்கும் பொருள்களோடு மோதாமல் நுழைவது அரிது. ஜாவாக்காரர்களின் தயக்கத்தை நான் கோழைத்தனமாகக் கருதாததற்கு இது ஒரு காரணம்.

2024 மார்ச் 6

காற்புள்ளியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பைத்தானில் அருகருகே நிற்கும் இரண்டு சொல் லிட்டரல்கள் தாமே ஒட்டிக்கொள்ளும். ஒரு வரிக்கு ஒரு சொல் என்று எழுதிய பட்டியலில் ஒரு வரியின் இறுதியில் காற்புள்ளியை விட்டுவிட்டேன். ஏற்கத்தக்க கோப்பு வகைகளின் பட்டியல் அது. இரண்டு வகைகள் ஒட்டி, உலகில் இல்லாத மூன்றாவது வகை ஒன்று பிறந்தது. பிழை எதுவும் வரவில்லை. அந்த இரண்டு வகைக் கோப்புகள் மட்டும் பல வாரங்கள் அமைதியாக நிராகரிக்கப்பட்டன. கடைசி உறுப்புக்குப் பின்னும் காற்புள்ளி இடும் வழக்கம் எனக்கு அன்று வந்தது. கோ மொழியில் மூடும் அடைப்பு அடுத்த வரியில் இருந்தால் அந்தக் கடைசிக் காற்புள்ளி கட்டாயம். ஜாவாவின் மெத்தட் அழைப்பில் அது பிழை. குளோஷரில் காற்புள்ளியே வெற்றிடம்தான். அவர்கள் இதையெல்லாம் கடந்தவர்கள்.

2024 மார்ச் 19

கேள்வி கேட்டவர் இரண்டு மாதங்களுக்குப் பிறகு திரும்பி வந்து, சி ஷார்ப் 12ஐப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். பார்த்தேன். அவருடைய தரப்புக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2023 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பில் சதுர அடைப்புக்குத் தனக்கென்று ஒரு வகை கிடையாது. இடப்பக்கம் அணி என்று இருந்தால் அணி ஆகும். லிஸ்ட் என்றால் லிஸ்ட், ஹேஷ்செட் என்றால் ஹேஷ்செட், மாறாத இம்மியூட்டபிள்அரே என்றால் அதுவே. வெற்று அடைப்பும் அப்படித்தான். என்னைப் பாடாய்ப்படுத்திய வெற்றுக் கணம் அங்கே சிக்கலே இல்லை. இரண்டு புள்ளிகளை முன்னிட்டு வேறொரு தொகுப்பை உள்ளே விரிக்கலாம். நூலகம் எழுதுவோர் தம் வகைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ஜனவரி 11ஆம் தேதி நான் சொன்ன இரண்டாந்தரக் குடிமகன் வாதம் இங்கே எடுபடாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய முறையில் அந்த மொழி பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முன்பு நியூ என்று எழுதிச் சுருள் அடைப்பில் உறுப்புகளை இட்டால், கம்பைலர் அதை ஆட் அழைப்புகளாக மாற்றும். இம்மியூட்டபிள்அரேக்கு அவ்வாறு எழுதினால் கம்பைல் ஆகிவிடும். ஓடும்போது நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன் வரும். வசதியை ஒரே ஒரு செயல்முறையோடு, அதாவது வெற்றுப் பாத்திரத்தில் ஒவ்வொன்றாகப் போடுவது என்பதோடு, கட்டிவைத்ததன் விலை அது. புதிய முறை அந்தக் கட்டை அவிழ்த்தது.

ஆயினும் இரண்டு குறைகள். வகையைச் சொல்லாமல் வார் என்று எழுதி வலப்பக்கம் சதுர அடைப்பை வைத்தால் கம்பைலர் மறுக்கிறது. ஒரு பட்டியலை எழுதிப் பார்ப்போம் என்று அமரும் புதியவர் முதலில் எழுதுவதே அதைத்தான். அடுத்தது, ஹேஷ்செட்டுக்கு ஒரே எண்ணை இருமுறை கொடுத்தால் ஒன்று ஓசையின்றி மறைகிறது. பொருளை இடப்பக்கம் தீர்மானிப்பதால், அடைப்பைப் பார்த்து மட்டும் அது மாறுமா, வரிசை உண்டா, இரட்டையைப் பொறுக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. எழுதுபவருக்குக் கிடைத்த வசதியின் ஒரு பகுதியைப் படிப்பவர் கட்டுகிறார். செட்.ஆஃப் என்று நூறாவது முறை எழுதும்போது எனக்குச் சலிப்பு வருகிறது. ஆனால் பிறர் எழுதிய செட்.ஆஃபைப் படிக்கும்போது ஒருபோதும் சலிப்பு வந்ததில்லை.

2024 மார்ச் 20

ரஸ்ட் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பட்டியலுக்கு வெக் என்ற மேக்ரோ, அதாவது நிரலாக விரியும் சுருக்கெழுத்து. மேப்புக்கு லிட்டரல் இல்லை. 2021 அக்டோபரில் வந்த 1.56 பதிப்பிலிருந்து இணைகளின் அணியை ஹேஷ்மேப்பின் ஃப்ரம் என்பதற்குக் கொடுத்தால் போதும். இதற்கு மேல் அங்கே பெரிதாக ஏக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. லிட்டரல் இல்லாத மொழி அரைகுறை என்ற முதல் கூற்றுக்கு இதை என் மறுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 2

விதிமொழியின் அடுத்த பதிப்பு நேற்று முடிந்தது. இந்த உரையாடல் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. பட்டியலுக்கு மட்டும் சதுர அடைப்பு, மேப்புக்கு மட்டும் சுருள் அடைப்பு. கணத்துக்கு அடைப்பு கிடையாது. கணம் என்ற சொல்லுக்குப் பின் வட்ட அடைப்பில் உறுப்புகள். மூன்றும் மாறாதவை. ஒரே சாவி இருமுறை வந்தால் விதி ஏற்கப்படாது. இரண்டு வரிகளின் எண்களும் பிழைச் செய்தியில் வரும். எழுதிய வரிசை, உறுப்புகள் நான்கானாலும் நானூறானாலும், காக்கப்படும். கடைசிக் காற்புள்ளிக்குத் தடையில்லை.

பட்டியல் மாறாததற்குப் பயனர்கள் கோபப்படுவார்கள் என்று அஞ்சினேன் அல்லவா? பழைய விதிகளை மாற்றும் நிரலை ஓட்டிப் பார்த்தபோது, எழுதிய பட்டியலில் பின்னர் எதையாவது சேர்த்த விதிகள் மொத்தம் இரண்டே இருந்தன. இரண்டையும் எழுதியவன் நான்.

சாய்வுக் கோடு வைத்த வெற்றுக் கணக் குறியையும் நீக்கிவிட்டேன். அதை எவரேனும் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒரே ஓர் இடத்தில் இருந்தது, வெற்று மேப் என்ற பொருளில்.